கரிக்கோட்டுக் கணக்கும் குறிப்பேட்டுக் கணக்கும்

கதிர் அறுத்து, வைக்கோல் ஏத்தி, களத்தையும் கூட்டியாச்சு. ரெண்டு மாசமா எழுத நேரம் கிடைக்கல. இந்தத் தடவை கண்மாய், மாடு, மழை எதுவும் இல்ல. கணக்கு எழுதுறதைப் பத்தி எழுதப்போறேன். விவசாயிக்கும் கணக்குக்கும் என்னய்யா சம்பந்தம்னு போயிறாதீங்க. எங்க வீட்டு வயல் 60 சென்ட் கைவிட்டுப் போன கதை இதுக்குள்ள இருக்கு.

எங்க சின்ன மக பதினொண்ணாவது படிக்கிறா, வணிகவியல் பிரிவு. அதுல கணக்குப்பதிவியல்னு ஒரு பாடம். ஒருநாள் ராத்திரி திண்ணையில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டிருந்தா. நான் பத்தாவதோட நின்னவன். சும்மா எட்டிப் பார்த்தேன். "ரொக்கத்துக்குச் சரக்கு விற்றது ரூ.10,000" அப்படின்னு கணக்கு. அதுக்கு அவ எழுதியிருந்தது இது:

ரொக்கக் கணக்கு – பற்று 10,000
விற்பனைக் கணக்கு – வரவு 10,000
(ரொக்கத்திற்குச் சரக்கு விற்றது)

இதுக்குப் பேரு குறிப்பேட்டுப் பதிவாம். "ஏன் ஆத்தா, காசு பெட்டிக்கு வந்திருக்கு, அதை வரவுலதானே எழுதணும்? பற்றுன்னு எழுதியிருக்க?"ன்னு கேட்டேன். "புத்தகத்துல அப்படித்தாம்ப்பா இருக்கு. உள்ள வர்றதைப் பற்று வை, வெளிய போறதை வரவு வை. மிஸ் மனப்பாடம் பண்ணச் சொல்லிட்டாங்க"ன்னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டா.

எனக்குத் தூக்கம் வரல. மும்முனை கரண்ட் வர்ற வரைக்கும் மோட்டார் ரூம்ல காத்துக் கிடந்தப்பவும் இதே யோசனை. காலையில டீக்கடைக்குப் போனப்பதான் விளங்குச்சு. எனக்கு முன்னாடி நின்னவரு டீயைக் குடிச்சிட்டு, "பற்றுல எழுதிக்கப்பா"ன்னு சொல்லிட்டு நடந்தாரு. அட, இதுதானே அது! டீயை வாங்கினவன் எவனோ அவன் பேருல பற்று. வாங்கினவன் பிறகு கொடுத்தாகணும்.

அதே மாதிரி புரோநோட்டுக் கடனுக்குப் பணம் கட்டுனா, "நோட்டுக்குப் பின்னாடி வரவு வச்சாச்சா?"ன்னு கேக்குறோம். கொடுத்தவன் பேருக்கு வரவு. அம்புட்டுதான் விசயம். பணப்பெட்டியையும் ஒரு ஆளா நினைச்சுக்கணும். பெட்டி 10,000 வாங்கியிருக்கு, அதனால அது பேருல பற்று. நாளைக்கு அதைக் கணக்குக் கேப்போம். மககிட்ட இப்படிச் சொன்னதும், "இதை மிஸ்ஸு சொல்லவே இல்லப்பா"ன்னா.

நம்ம ஊருல படிக்காத ஆளுக்கும் தெரிஞ்ச ரெண்டு வார்த்தைதான் அந்தப் பாடத்துக்கே அஸ்திவாரம். அப்புறம் இதோட பூர்வீகம் என்னன்னு தேட ஆரம்பிச்சேன். நூலகத்துல கொஞ்சம், மக போன்ல கொஞ்சம்னு படிச்சேன்.

இரட்டைப் பதிவுன்னு சொல்ற இந்த முறை ஐரோப்பாவுல இத்தாலி வியாபாரிங்க கையில வளர்ந்தது. ஃபுளோரன்ஸ் வியாபாரிங்க பிரான்சு நாட்டுத் தெற்குப் பக்கம் சலோன்ங்கிற ஊருல கடை வச்சிருந்தப்ப எழுதின பேரேடு ஒண்ணு, 1299-1300 வருசத்துது, இன்னும் மிச்சம் இருக்கு. அவங்க பழைய ஏடுகள்ல பற்றுங்கிற இடத்துல "இவர் கொடுக்கணும்"னும், வரவுங்கிற இடத்துல "இவருக்கு வரணும்"னும்தான் எழுதியிருக்காங்க. நம்ம டீக்கடைப் பேச்சேதான்.

அடுத்தது ஜெனோவா. கப்பல் வியாபாரத்துல பேர்போன துறைமுக நகரம். அந்த நகர ஆட்சியோட 1340-ஆம் வருசப் பேரேடு இருக்கு. அதுல ஒரு பக்கம் முழுக்க மிளகுக் கணக்கு. மிளகையும் ஒரு ஆளு மாதிரி வச்சு, அது பேருலயே பற்று வரவு எழுதியிருக்காங்க. நூறு ராத்தல் கொண்ட பொதி 80. பொதி ஒண்ணு 24 லிரா 5 சொல்தி. 20 சொல்தி ஒரு லிரா. பெருக்கிப் பார்த்தா 1,940 லிரா வருது. எங்க வீட்டுத் திண்ணையில நானும் மகளும் பெருக்கிப் பார்த்தோம், சரியா இருந்துச்சு. அறுநூத்துச் சொச்சம் வருசத்துக்கு முந்தி எவனோ எழுதின கணக்கை எங்க ஊருல சரிபார்க்க முடியுதுன்னா, அதுதான் எழுத்தோட பலம்.

அந்த மிளகை வித்தப்ப நட்டம். நட்டத்தையும் மறைக்காம எழுதி வேற கணக்குக்கு மாத்தியிருக்காங்க. ஏன் நட்டத்துக்கு வித்தாங்கன்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றது என்னன்னா, நகரத்துக்கு அவசரமாப் பணம் வேணும், அதனால மிளகைக் கடனுக்கு வாங்கி ரொக்கத்துக்குக் குறைச்சு வித்திருக்காங்க. படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பிள்ளைக்கு உடம்புக்கு முடியலன்னா நம்ம ஆளுங்க கடையில கடனுக்கு உரமூட்டை வாங்கி, பக்கத்து வயக்காரன்கிட்ட நூறு குறைச்சு ரொக்கமா வித்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்ல, அதேதான். ஆனா நாம அந்த நூறு ரூபாயை எங்கயும் எழுதுறதில்ல. அவங்க எழுதினாங்க. அவசரத்துக்கு என்ன விலை கொடுத்தோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

அந்தக் காலத்துல ஐரோப்பாவுக்குப் போன மிளகுல பெரும்பங்கு நம்ம மலையாளக் கரையில விளைஞ்சது. பறிச்சுக் காயவச்சவன் பேரு எந்த ஏட்டுலயும் இல்ல. அவனுக்கு என்ன கிடைச்சுதுன்னு அவனும் எழுதி வைக்கல.

இந்த முறையை முதன்முதலா அச்சுப் புத்தகத்துல விவரமாப் போட்டவரு லூக்கா பாச்சோலிங்கிற கிறித்தவத் துறவி. கணக்கு வாத்தியாரு. 1494-ல வெனிஸ் நகரத்துல அவரு அச்சடிச்ச பெரிய கணிதப் புத்தகத்துக்குள்ள 36 அத்தியாயம் வியாபாரக் கணக்குக்கு ஒதுக்கியிருக்காரு. லத்தீன்ல எழுதாம, சனங்க பேசுற இத்தாலிய மொழியில எழுதினாரு. இது என் கண்டுபிடிப்புன்னு அவரு சொல்லிக்கல. வெனிஸ் வியாபாரிங்க செய்யுறதைத்தான் எழுதுறேன்னு சொல்லிட்டாரு.

அவரு மூணு நோட்டு வைக்கச் சொல்றாரு. முதல் நோட்டு கைச்சிட்டை மாதிரி. நடந்தது நடந்தபடி, அன்னன்னைக்கு, சின்னது பெருசு பார்க்காம எழுதணும். மொதலாளி இல்லாதப்ப வேலையாள் எழுதலாம், எழுதத் தெரிஞ்சா வீட்டுப் பொம்பளைங்களும் எழுதலாம். எந்தக் காசுல கொடுக்கல் வாங்கல் நடந்துச்சோ அந்தக் காசுலயே எழுதலாம். ரெண்டாவது நோட்டுதான் குறிப்பேடு. சிட்டையில கிடக்கிற ஒவ்வொண்ணையும் எடுத்து, யாரு பேருல பற்று, யாரு பேருல வரவுன்னு பிரிச்சு, ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டு சாய்கோடு போட்டு எழுதணும். முக்கியமா, வேற வேற காசுல இருக்கிறதை எல்லாம் ஒரே காசுக்கு மாத்தி எழுதணும். மூணாவது பேரேடு. குறிப்பேட்டுல இருக்கிறதை ஆளுக்கு ஒரு பக்கமா பிரிச்சு ஏத்தணும். ஏத்தினதும் குறிப்பேட்டுல அந்தப் பதிவைக் கோடு போட்டு அடிச்சிடணும், பற்று ஏத்துனதுக்கு ஒரு கோடு, வரவு ஏத்துனதுக்கு ஒரு கோடு.

முதல் நோட்டுக்கு மேல சிலுவை அடையாளம் போடணும்னும் சொல்றாரு. நாம பிள்ளையார் சுழி போடுறோம். களத்துல நெல் அளக்கிறப்ப ஒண்ணுன்னு சொல்லாம "லாபம்"னு ஆரம்பிக்கிறோம். கணக்குக்கு முன்னால சாமியைக் கும்பிடுறது எல்லா ஊருலயும் ஒண்ணாத்தான் இருக்கு.

சரி, இதெல்லாம் அந்நியதேசம். நம்ம பக்கம் இல்லையான்னா, எங்க ஊருலருந்து பஸ் ஏறினா முக்கால் மணி நேரத்துல காரைக்குடி. நகரத்தார் வட்டிக்கடைக் கணக்கு உலகமறிஞ்ச கணக்கு. அன்னாடம் சிட்டை எழுதி, அதுலருந்து பேரேட்டுக்கு எடுத்தெழுதி, எல்லாக் கணக்கோட நிலுவையையும் திரட்டி ஐந்தொகை போடுவாங்க. இன்னைக்கு ஆடிட்டர் போடுற இருப்புநிலைக் குறிப்பு மாதிரி அது. பர்மாவுல, மலாயாவுல கடை இருக்கும், மொதலாளி இங்க செட்டிநாட்டுல இருப்பாரு. மேலாளை மூணு வருசத் தவணைக்குச் சம்பளச்சீட்டு எழுதி அனுப்புவாங்க. கடல் தாண்டி இருக்கிற கடையைக் கண்ணால பார்க்காம, வர்ற கணக்குத் தாளை வச்சே நடத்தியிருக்காங்க. கணக்குப் பொய்யா இருந்தா கடையே இல்லைன்னு அர்த்தம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் வீதியில பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்கு. இடிச்ச வீட்டுக் கதவு, தூண், பீங்கான் ஜாடி எல்லாம் விப்பாங்க. அங்க ஒரு கடையில பழைய கணக்கு நோட்டு ஒண்ணைப் பார்த்தேன். பிள்ளையார் சுழி போட்டு, முத்து முத்தான எழுத்து. தொகை எல்லாம் தமிழ் எண்ணுல. எனக்கு ஒண்ணு ரெண்டைத் தவிர வாசிக்கத் தெரியல. எங்க ஐயா இருந்திருந்தா வாசிச்சிருப்பாரு.

அந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லணும். கீழ் பர்மாவை 1852-ல இங்கிலீஷ்காரன் பிடிச்ச பிறகு, அங்க காட்டைத் திருத்தி நெல்லு போட்டாங்க. 1869-ல சூயஸ் கால்வாய் திறந்ததும் அரிசி ஏற்றுமதி இன்னும் பெருகுச்சு. பர்மா குடியானவனுக்குப் பயிர்க் கடன் கொடுத்ததுல பெரும்பங்கு நம்ம நகரத்தார் கடைங்கதான். வங்கிக்காரன் எட்டிப் பார்க்காத கிராமத்துக்கு அவங்க போனாங்க. பிறகு 1930-ஐ ஒட்டி உலகம் பூரா மந்தம் வந்து நெல் விலை தலைகுப்புற விழுந்துச்சு. விலை பாதியாப் போச்சுன்னா குடியானவன் ரெண்டு மடங்கு நெல்லு கொடுத்தாத்தான் அதே கடன் தீரும். நோட்டுல இருக்கிற தொகை குறையாதுல்ல. முக்கியமான 13 நெல் மாவட்டத்துல 1930-ல சாகுபடி நிலத்துல 6 சதவீதம் நகரத்தார் வசம் இருந்துச்சு. 1938-ல அது 25 சதவீதம். அவங்களுக்கே இதுல சந்தோசம் கிடையாது; பணத்தைப் போட்டவங்களுக்கு நிலம் வந்துச்சு, பணம் வரல. 1942-ல ஜப்பான்காரன் வந்தப்ப எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தாங்க. பர்மா 1948-ல சுதந்திரம் ஆனதும் நிலத்தை அரசுடைமை ஆக்கச் சட்டம் போட்டுட்டாங்க. கணக்கு நோட்டுல ஒரு பைசா பிசகல. சொத்துதான் இல்ல.

நான் இதுல யோசிச்சது அந்த பர்மா சம்சாரியைத்தான். கடன் வாங்கின நாள்லருந்து அவன் பேருல ஒரு பேரேட்டுப் பக்கம் இருந்திருக்கும். எல்லாமே அந்தப் பக்கத்துல இருந்திருக்கும். ஆனா அந்தப் பக்கம் கடையில இருந்துச்சு, அவன் வீட்டுல இல்ல.

இனி எங்க வீட்டுக் கதை. 1984-ல அக்கா கல்யாணத்துக்கு எங்க அப்பா ஒருத்தர்கிட்ட 3,000 ரூபாய் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கினாரு. நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய் வட்டி. அவரு பேரு வேணாம், அவரும் இல்ல, எங்கப்பாவும் இல்ல. ரொக்கமா கட்ட வழியில்லாததால வருசா வருசம் அறுப்பு முடிஞ்சதும் நெல்லா கொடுப்போம். முதல் வருசம் 12 மூட்டை, அடுத்த வருசம் 10, மூணாவது வருசம் 9. வண்டி கிளம்பினதும் அப்பா அடுப்புக் கரியை எடுத்து, மாட்டுக்கொட்டத்துச் சுவத்துல மூட்டைக்கு ஒரு கோடு போடுவாரு. மொத்தம் 31 கோடு. நான் சின்னப்பய, அப்பப்ப எண்ணிப் பார்ப்பேன்.

புரோநோட்டுக்கு மூணு வருசந்தான் ஆயுசு. அது முடியுறதுக்குள்ள அவரு வந்து உக்காந்தாரு. "31 மூட்டை வந்திருக்கு, இல்லைன்னு சொல்லல. மூட்டை 70 ரூபாய்னு 2,170. மூணு வருச வட்டி 2,160. பத்து ரூபாய் அதிகம் வந்திருக்கு. முதல் 3,000 அப்படியே நிக்குது"ன்னாரு. அப்பா திகைச்சுப் போயிட்டாரு. முதல்ல பாதிக்கு மேல தீந்திருச்சுன்னுதான் அவரு நினைச்சிருந்தாரு. "அன்னைக்கு விலை 85-ல்ல வித்துச்சு"ன்னு அப்பா சொன்னாரு. "எங்க எழுதியிருக்கு?"ன்னு கேட்டாரு அவரு.

கொட்டத்துக்கு ஓடுனோம். அந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிச்சிருந்தோம். கோடு ஒண்ணுகூட இல்ல.

கோடு இருந்திருந்தாலும் பிரயோசனம் இல்லைன்னு இப்பத்தான் புரியுது. மூட்டை எத்தனைன்னு அவரு மறுக்கவே இல்லையே! மூட்டைக்கு என்ன விலைன்னு கரிக்கோடு சொல்லாது. வட்டிக்கா முதலுக்கான்னு சொல்லாது. என்னைக்குன்னு சொல்லாது. பாச்சோலி குறிப்பேட்டுல எல்லாத்தையும் ஒரே காசுக்கு மாத்தி எழுதச் சொன்னாரே, அந்த வேலையை எங்க கணக்குல எதிராளி மட்டும் செஞ்சாரு, மூணு வருசம் கழிச்சு, அவரு சௌகரியத்துக்கு.

மகளும் நானும் அந்தக் கணக்கை இப்ப உக்காந்து போட்டோம். மூட்டை 85-ன்னு வச்சு, வருசா வருசம் வட்டி போக மிச்சத்தை முதல்ல கழிச்சோம். முதல் வருசம் 1,020 கொடுத்திருக்கோம். வட்டி 720 போனா முதல்ல 300 குறையும். பாக்கி 2,700. ரெண்டாம் வருசம் 850, வட்டி 648, முதல்ல 202 குறையும். பாக்கி 2,498. மூணாம் வருசம் 765, வட்டி ஏறக்குறைய 600, பாக்கி 2,330 சொச்சம். ஆக, 3,000-ங்கிறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் 670 ரூபாய்க்குக் கிட்ட. அன்னைக்கு அது எட்டு மூட்டை நெல்லு.

உண்மையைச் சொல்லணும்னா, அப்பா நினைச்ச மாதிரி பாதியும் தீரல. அவருக்கும் தப்பு இருந்திருக்கு. இதைக் கண்டதும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நாப்பது வருசமா அந்த மனுசன் எங்களை முழுசா ஏமாத்திட்டாருன்னு சொல்லித் திரிஞ்சேன். ஏமாத்தினது 670. மீதி எங்க தெரியாத்தனம். முதல் வருசமே வட்டி போக 300 ரூபாய்தான் கழியுதுன்னு எழுதிப் பார்த்திருந்தா, அப்பா காளை மாட்டை வித்தாவது முதலை அடைச்சிருப்பாரு. எழுதாததால, கடன் கரையுதுன்னு நம்பிக்கிட்டே இருந்துட்டாரு. கடைசியில கண்மாய்க்கரை வயல் 60 சென்ட்டை அவரு பேருக்குக் கிரயம் பண்ணிக் கொடுத்தோம். அதுக்குப் பிறகு அப்பா அந்த வரப்பு வழியா நடந்து நான் பார்த்ததில்ல. சுத்திக்கிட்டுத்தான் போவாரு.

சட்டத்துலயும் ஒரு விசயம் இருக்கு. 1872-ஆம் வருச இந்திய சாட்சியச் சட்டம் 34-ஆவது பிரிவு, ஒழுங்கா எழுதிவந்த கணக்குப் புத்தகத்தைச் சாட்சியமா எடுத்துக்கலாம், ஆனா அதை மட்டுமே வச்சு ஒருத்தர் மேல கடனைச் சுமத்த முடியாதுன்னு சொல்லுச்சு. 2024 ஜூலைலருந்து வந்திருக்கிற புதுச் சட்டத்துலயும் இந்த விதி தொடருது. ஆக, எதிராளி நோட்டு மட்டும் வேதவாக்கு இல்ல. ஆனா புரோநோட்டுல நம்ம கையெழுத்து இருந்தா அது வேற. அதனால பணமோ நெல்லோ கொடுத்தா, அந்த இடத்துலயே நோட்டுக்குப் பின்னாடி தேதி போட்டு, இவ்வளவு வட்டிக்கு, இவ்வளவு முதலுக்குன்னு வரவு வைக்கச் சொல்லுங்க. வெக்கப்படாதீங்க.

"நமக்கெல்லாம் கணக்கு எழுத வராதுப்பா"ன்னு சொல்ற ஆளுங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உங்க வீட்டு மொய் நோட்டை எடுங்க. தேதி, ஊரு, பேரு, தொகை, திருப்பிச் செஞ்சாச்சுன்னா அதுக்கு ஒரு அடையாளம். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி ஆவணியில மொய் விருந்து வைக்கிறாங்களே, லட்சக்கணக்குல புரளும். அம்புட்டும் நோட்டை நம்பித்தான். கொடுத்தவன் வீட்டுலயும் எழுத்து இருக்கும், வாங்கினவன் வீட்டுலயும் எழுத்து இருக்கும். ரெண்டு பக்கமும் எழுதியிருக்கிறதால அங்க சண்டை குறைவு. மொய்க்கு எழுதத் தெரிஞ்ச நமக்கு உரக்கடைப் பாக்கியை எழுதத் தெரியாதா?

இந்த வருசம் நானும் மகளுமா ஒரு குறிப்பேடு போட்டோம். நாலு பதிவு மாத்திரம் காட்டுறேன்.

ஒண்ணு, டி.ஏ.பி. ரெண்டு மூட்டை கடனுக்கு வாங்கினது:
உரக் கணக்கு – பற்று 2,700
உரக்கடைக் கணக்கு – வரவு 2,700

ரெண்டு, அதுல கொஞ்சம் கட்டினது:
உரக்கடைக் கணக்கு – பற்று 1,500
ரொக்கக் கணக்கு – வரவு 1,500

மூணு, நெல் 20 மூட்டை, மூட்டை 1,400-ன்னு யாவாரிக்குப் போட்டது. 20,000 கையில கொடுத்தாரு, 8,000 பிறகு தர்றேன்னாரு:
ரொக்கக் கணக்கு – பற்று 20,000
யாவாரி கணக்கு – பற்று 8,000
நெல் விற்பனைக் கணக்கு – வரவு 28,000

நாலு, வீட்டுச் சாப்பாட்டுக்கு 6 மூட்டை எடுத்து வச்சது:
எடுப்புக் கணக்கு – பற்று 8,400
நெல் கணக்கு – வரவு 8,400

ஒவ்வொண்ணுக்கும் கீழ தேதியும் ஒரு வரி விவரமும் இருக்கும். எந்தப் பதிவை எடுத்தாலும் பற்றுத் தொகையும் வரவுத் தொகையும் சமமா இருக்கும். இல்லைன்னா எங்கயோ தப்புன்னு அர்த்தம். உரக்கடைக்கு இன்னும் 1,200 பாக்கின்னு நோட்டைத் திறந்தாலே தெரியுது. கடைக்காரரு சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

நாலாவது பதிவைப் போட்டப்பதான் மக ஒரு கேள்வி கேட்டா. "உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாதுன்னு சொல்லுவியேப்பா, இந்த ஆறு மூட்டையை எப்பவாச்சும் கணக்குல சேத்திருக்கியா?" நான் சேத்ததே இல்ல. வருசம் பூரா சாப்பிட்ட நெல்லு கணக்குல வரவே இல்ல. அதே மாதிரி அவங்கம்மா களை எடுத்ததும் நாத்து நட்டதும் செலவுல வரவே இல்ல. அதை எந்தக் கணக்குல எழுதுறதுன்னு கேட்டேன். சொந்த உழைப்புக்குப் பதிவு கிடையாதுன்னு பாடத்துல இருக்காம். இருந்தாலும் ஓரத்துல பென்சில்ல எழுதி வைக்கிறோம், அம்மா 41 நாள், அப்பா 63 நாள்னு.

அதைக் கூட்டினா இந்த வருசமும் பெருசா மிஞ்சல. அந்தப் பழமொழி முழுப் பொய்யும் இல்ல. ஆனா பார்த்தா மிஞ்சாதுங்கிறதுக்காகப் பார்க்காமலே இருந்தா, பார்க்கிறவனுக்குத்தான் மிஞ்சும். எங்கப்பாவுக்கு நடந்தது அதுதான்.

உங்க வீட்டுப் பரண்ல தாத்தா காலத்துக் கணக்கு நோட்டோ, சிட்டையோ, மொய் நோட்டோ கிடந்தா எடைக்குப் போட்டுறாதீங்க. பெரியவங்க யாராச்சும் தமிழ் எண் வாசிக்கத் தெரிஞ்சவங்க இருந்தா, இருக்கும்போதே உக்காந்து வாசிச்சு எழுதி வச்சுக்குங்க. எங்க கொட்டத்துச் சுவத்தை இன்னும் இடிக்கல. போன வாரம் மழை ஒழுகி சுண்ணாம்பு பேந்து விழுந்துச்சு. உள்ள கறுப்பா ரெண்டு மூணு கோடு தெரியுது. அப்பா போட்டதா, பிறகு நாங்க விளையாட்டுக்குக் கிறுக்கினதான்னு தெரியல. இந்தப் பொங்கலுக்கு அந்த இடத்தை மட்டும் விட்டுட்டு வெள்ளையடிச்சோம்.